ஆறு இடம் மாறிய ஐப்பசி

நான் சொல்லப்போவது நம் வயதுக்காரர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். தப்பிருந்தால் திருத்துங்கள். நான் எட்டாவதோடு நின்றவள். மாடு, வீடு, பிள்ளைகள், வெள்ளிக்கிழமை விளக்கு என்று காலம் போய்விட்டது. ஆனாலும் பதினொரு வயதில் ஒரு கேள்வி என்னைப் பிடித்தது, இன்னும் விடவில்லை. ஓர் ஆறு ஏன் இடம் மாறுகிறது?

எங்கள் ஆற்றுக்குப் பெயர் கிடையாது. ஆறு என்றுதான் சொல்வோம். கல்வராயன் மலையில் எங்கோ பிறந்து, அடிவாரத்துப் பாறைகளில் இடித்துக்கொண்டு இறங்கி, எங்கள் ஊரைத் தொட்டு, கள்ளக்குறிச்சிப் பக்கம் போய்க் கோமுகியில் விழுந்துவிடும். பள்ளிக்கூடத்து வரைபடத்தில் கோமுகி ஒரு நீலக் கோடு. எங்கள் ஆறு அதில் இல்லவே இல்லை. ஒருநாள் பென்சிலால் நானே ஒரு கோடு போட்டு வைத்தேன். சார் பார்த்துவிட்டுக் காதைத் திருகினார்.

"மேப்புல இன்னாடி கிறுக்கிவச்சிகீற?"

"ஆறு சார்."

"எந்த ஆறு? அது ஓடை."

மழைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து, அந்த ஓடையைத் தாண்ட முடியாமல் அவர் அரை நாள் அக்கரையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆற்றின் நிறத்தைப் பார்த்து மழை எங்கே என்று எங்கள் ஊரில் சொல்லிவிடுவார்கள். செம்மண் கலரில் வந்தால் அடிவாரத்துக் கொல்லைகளில் மழை. கறுத்து, அழுகின இலை வாசத்தோடு, கடுக்காயும் மூங்கில் தோகையும் மிதந்து வந்தால் மலைமேல் மழை. அப்போது மாட்டைக் கரையேற்றிவிட வேண்டும். எனக்குக் கல் பொறுக்கும் பழக்கம். வெள்ளை வெளேரென்று வெங்கச்சங்கல், வெயிலில் மினுக்கும் காக்காப்பொன், எல்லாவற்றையும் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வயல் கொட்டாயில் வைத்திருந்தேன். மலைப்பக்கம் போனால் கல் பானை அளவு, எங்கள் ஊரில் கோழிமுட்டை அளவு, கீழே போகப் போக வெறும் மணல். ஏன் இப்படி என்று அம்மாவைக் கேட்டேன்.

"அம்மாந்தூரம் நடந்தா தேயாதா? என் காலப் பாரு," என்றாள் அம்மா.

கரையில் புங்கமரத்தடியில் ஏழு கல் நட்டிருக்கும். அவர்கள்தான் எங்கள் கன்னிமார். அப்பாதான் பூசை செய்வார். பரம்பரைப் பூசாரி ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்து வந்து கல்லுக்கு மஞ்சள் பூச ஊரில் வேறு யாருக்கும் பொறுமை இல்லை. அப்பாவுக்கு அந்தப் பூசைதான் எல்லாம். காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஒரு வெள்ளிக்கிழமை போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் ஏழு கல்லையும் கழுவிவிட்டு வந்து படுத்தார்.

ஊற்றுக்கால் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. பொங்கல் கழிந்து ஆறு வற்றிவிடும். மேலே காய்ந்த மணல். இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் கசியும். அந்தக் கசிவு சேர்ந்து ஓடிவர, ஆற்று மணலுக்குள்ளேயே நீளமாக ஒரு கால்வாய் வெட்டுவார்கள். அதுதான் ஊற்றுக்கால். வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு மண்வெட்டி. இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்து வெட்ட வேண்டும். தண்ணீர் ஐந்து நாள் எங்கள் கரைக்கு, இரண்டு நாள் அக்கரைக்கு. அக்கரையில் இருபது வீடு, எல்லாரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கூலி வேலைக்குப் போவார்கள். சொந்தமாக ஆளுக்குக் கொஞ்சம் கேழ்வரகு, கத்திரி, மல்லாட்டை. அந்த இரண்டு நாள் தண்ணீரில்தான் சித்திரை வரைக்கும் அவர்கள் பயிரும் குடமும். இப்போது அங்கே ஊற்றுக்கால் வெட்ட மணலே கிடையாது. ஆளாளுக்குப் போர்வெல் போட்டுவிட்டோம், ஆற்றில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

அக்கரைக்காகப் பேசுகிறவர் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை அவர்களின் சின்ன ஓட்டுக் கோயிலில் ஜெபம் நடத்துவார். மற்ற நாளில் எல்லாரையும் போல மண்வெட்டி பிடிப்பார். ஊற்றுக்கால் வெட்டும்போது அவரும் அப்பாவும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் வம்புக்கு இழுப்பார்கள்.

"ஏழு பேரு சும்மாதான குந்திகினுகீறாங்கோ? ஒரு ஆள எறங்கச் சொல்றது அண்ணே," என்பார் உபதேசியார்.

"பொம்பளைங்கள வேல வாங்கச் சொல்றியா? உங்காளு தண்ணி மேலயே நடந்தவராமே, அவர இஸ்துகினு வா," என்பார் அப்பா.

இவ்வளவு பேசினாலும் அவர்கள் வீட்டுச் சொம்பில் எங்கள் கரைக்காரர்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அது அப்போது ஊர் வழக்கம். கல்லைப் பற்றியும் மணலைப் பற்றியும் ஆயிரம் கேள்வி கேட்ட நான், அதை ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சனம் போராடிய வருஷங்கள் அவை. எங்கள் ஊரில் முன்னால் நின்றவர் பெரியப்பா, அப்பாவுக்கு மூத்தவர். "படிச்ச புள்ளைங்க மாடு ஓட்டிக்கினு கீது. கேக்காம எவன் குடுப்பான்?" என்பார். நியாயமான பேச்சுதான். என் அண்ணன் பத்தாவது முடித்துவிட்டு எங்கள் இரண்டு மாட்டைத்தான் மேய்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம் சாலை மறியல் என்று முடிவானது. ரோட்டில் மரத்தைப் போட்டு மறிக்க வேண்டும். எங்கள் வயலை ஒட்டி ஆற்றங்கரையில் மூன்று மருதமரங்கள் நின்றன. ரோடு அங்கிருந்து கூப்பிடு தூரம். நல்ல ரம்பம் அப்பாவிடம்தான் இருந்தது. காலை எட்டு மணி இருக்கும். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரத்தடியில் ஒரு சூடம் ஏற்றிக் கும்பிட்டார்.

"தம்பி, இன்னா பூச போட்டுக்கினு கீற? பஸ்சு வந்துடும்," என்றார் பெரியப்பா.

"நம்ம அப்பன் காலத்து மரம்ணா. ஒரு வார்த்த சொல்லிட்டு வெட்டலாம்."

"சொல்லு சொல்லு. மனு குடுக்குதா பாக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். மூன்றாவது மரம் சாய்ந்தபோது அதிர்ச்சி என் உள்ளங்காலில் ஏறியது. கிளையில் இருந்த கொக்குகள் போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. மரம் இருந்த வெற்றிடத்தையே சுற்றிக்கொண்டிருந்தன. கிளை கழித்து, நாலு ஜோடி எருது பூட்டி, கரையை அறுத்துக்கொண்டு எங்கள் வயலோரமாகவே மரங்களை ரோட்டுக்கு இழுத்தார்கள். இழுத்த தடம் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகிவிட்டது. அடுத்த வாரம் மண் அள்ளி மூடிவிடலாம் என்றார் அப்பா.

உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நிற்பதாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. நாங்கள் பெண் பிள்ளைகள் நடுரோட்டில் உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடினோம். தார் சூட்டில் பாவாடை ஒட்டிக்கொண்டது. ரோட்டில் உட்கார்ந்து ஆற்றின் சத்தத்தைக் கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு வாரம்தான்.

அப்புறம் போலீஸ் ஜீப் வர ஆரம்பித்தது. பெரியப்பாவையும் இன்னும் நாலு பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்ற ஆம்பிளைகள் மலைக்கு ஏறிவிட்டார்கள். பள்ளத்தை மூட ஆள் இல்லை. அப்பாவும் மலைக்குப் போயிருக்கிறார் என்றாள் அம்மா. ஆனால் அவள் துவைக்கக் கொண்டுபோகும் துணி மூட்டையில் அப்பா சட்டை இருந்தது.

"மலையில கீறவரு சட்ட இங்க எப்பிடி அழுக்காச்சி?"

"உன் வாயில கேள்வியா மொளைக்குது. போயி அடுப்பப் பாரு."

அடுப்பைப் பார்த்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. முதல் நாள் ஆறு செந்தண்ணீராக வந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் கறுத்தது. இலை வாசம் வீடு வரைக்கும் வந்தது. கரை மண் சரிந்து விழும் சத்தம், எருமை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்குவது மாதிரி, பொத் பொத்தென்று கேட்டுக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் காலை மழை வெறித்ததும் நானும் அம்மாவும் அண்ணனும் போனோம்.

வயல் இல்லை. ஒன்றரை ஏக்கர் சம்பா, நட்டு நாற்பது நாள் ஆன பயிர், அந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஆறு இருந்த இடம் ஈர மணலாகப் பளபளத்தது. மருதமரங்களின் அடிக்கட்டை மூன்றும் நடுவே ஒரு திட்டில் தனியாக நின்றன. கொட்டாய் போயிருந்தது, அதனுள் இருந்த மண்வெட்டிகள், பித்தளைச் சொம்பு, என் பவுடர் டப்பா எல்லாம் போயிருந்தன. அம்மா கரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லக் கூடாது, எனக்கு அழுகை வரவில்லை. இது எப்படி நடந்தது என்றுதான் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து அப்பா தாடியோடு வந்தார். அவரைத்தான் முதலில் கேட்டேன். "கன்னிமாரு சித்தம்," என்றார். கொஞ்ச நாளில் பெரியப்பா ஜாமீனில் வந்தார். வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் ஆற்றுக்குப் போனார். அக்கரையோரம் பழைய ஆற்றின் விளிம்பில் கற்கள் நீளமாக வரிசைகட்டிக் கிடந்தன.

"பாத்தியாடா? கல்லப் போட்டுத் தண்ணிய நம்ம பக்கம் திருப்பி வுட்டுகீறானுங்க. நாம ஜெயில்ல கெடந்தப்போ நம்ம நெலத்த ஆத்துல தள்ளிட்டு, அங்க புது நெலம் எட்த்துகினானுங்க."

அக்கரையில் புதிதாக ஒரு வண்டல் திட்டு ஏறியிருந்ததும் உண்மைதான். ஜெயிலிலும் மலையிலும் கஷ்டப்பட்டு வந்தவர்களுக்கு அது சரியாகப் பட்டது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு.

நான் மறுநாள் கணுக்கால் தண்ணீரில் தாண்டிப் போய் அந்தக் கற்களைப் பார்த்தேன். தட்டைக் கற்கள். அப்பளம் அடுக்கின மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, எல்லாம் கீழாற்றுப் பக்கமே தலை சாய்த்திருந்தன. உபதேசியார் அங்கே நாணல் அறுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாக்குற பாப்பா?"

"கல்ல யாரு வச்சாங்கன்னு."

"வச்சவுரு மேல கீறாரு. நீ கேட்டா சொல்லுவாரோ இன்னாவோ." சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார். "உங்கப்பா நல்லா சாப்புடறாரா?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

திரும்பி வந்து, எங்கள் வயல் இருந்த இடத்திலும் தேடினேன். அங்கேயும் அதே மாதிரி தட்டைக் கற்கள், அதே பக்கம் தலை சாய்த்து. அக்கரைக்காரர்கள் எங்கள் வயலுக்குள்ளும் வந்தா அடுக்கினார்கள்? ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன்.

"நம்ம பக்கமும் அப்பிடியேதான் கீது பெரியப்பா."

"பொட்டப் புள்ளைக்கு ஆத்துல இன்னா வேல? போ வூட்டுக்கு."

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் நிலம் போனதற்கு எங்களைவிட அதிகம் துடித்தவர். யார்மேலாவது கோபம் வைக்காமல் அவரால் அதைத் தாங்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, பூசை முடிந்ததும் அங்கேயே பஞ்சாயத்து கூடியது. எங்கள் கரைக்காரர்கள் புங்கமர நிழலில். உபதேசியாரும் இன்னும் இரண்டு பேரும் வெயிலில், மணலில். பெண்கள் நாங்கள் தள்ளி நின்றோம். நாட்டாமை விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கப் பார்த்தார்.

"உபதேசியாரே, கல்லு நீங்க போடலன்னா இந்த சூடத்த அணைச்சி சத்தியம் பண்ணிடு. போயிகினே இரு. ஒருத்தன் ஒரு வார்த்த கேக்கமாட்டான்."

எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சொன்னால் எங்கள் ஊரில் அதற்குமேல் விசாரணை இல்லை. பொய் சொன்னவனைக் கன்னிமார் பார்த்துக்கொள்வார்கள்.

"நானும் போடல, எங்காளுங்களும் போடல," என்றார் உபதேசியார். "ஆனா சத்தியம் பண்ணமாட்டேங்க."

"எங்க சாமி மேல வேணாம்ப்பா. உங்க சாமி மேல பண்ணு."

"அதும் பண்றதில்லீங்க. சத்தியமே கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்துகீது. இல்லன்னா இல்லதான்."

நிழலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தியம் கூடாது என்று சொல்லும் ஒரு சாமியை எங்கள் ஊர் கேள்விப்பட்டதே இல்லை. "மடியில கனம் கீது, அதான் வழியில பயம்," என்று யாரோ சொன்னார்கள்.

"அப்ப செஞ்சவன் நீதான்," என்றார் பெரியப்பா.

நாட்டாமை தொண்டையைச் செருமினார். "சத்தியத்துக்கு ஒத்துக்காதவன் குத்தவாளின்றதுதான் வழக்கம். இந்த வருசம் ஊத்துக்கால்ல அக்கரைக்குப் பங்கு கெடையாது. கால் பக்கம் அக்கரையாளு வரக்கூடாது."

"ஐயா, பயிரு போனாப் போவுது. புள்ளைங்க குடிக்கிற தண்ணி அது. இருவது வூடு," என்றார் உபதேசியார். கூட வந்த இருவரில் ஒருவர் மணலில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

அப்பா அதுவரைக்கும் கன்னிமார் பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தார். தட்டைக் கீழே வைத்து, புதிதாக ஒரு சூடத்தை எடுத்து ஏற்றினார்.

"நான் பண்றேன் சத்தியம்."

"உனுக்கு இன்னாடா? போனது உன் நெலம்," என்றார் பெரியப்பா.

"அதான் சொல்றேண்ணா. வெள்ளம் வந்த மூணு நாளும் நான் அக்கரையிலதான் இருந்தேன். உபதேசியாரு வூட்டுப் பின் கொட்டாயில."

"நீ மலைக்குதான போன?"

"போவல. ஜீப்பப் பாத்ததும் பயந்துட்டேன். ஆத்துல எறங்கி ஓடுனேன், அவுருதான் உள்ள கூட்டிகினு போயி கதவ சாத்துனாரு. இருவத்தெட்டு நாளு அவுங்க வூட்டு சோறு தின்னேன். அவுங்க சொம்புலதான் தண்ணி குடிச்சேன்."

அம்மா என் தோளைப் பிடித்திருந்த கையை இறுக்கினாள். அப்பா வேறெங்கேயும் பார்க்கவில்லை. ஏழு கல்லையும் பார்த்தே பேசினார்.

"வெள்ளத்துல ஒருத்தனும் ஆத்துல எறங்கல. கல்ல ஆறே கொண்டாந்திச்சி. நாம மருதமரம் இஸ்துகினு போனமே, அந்தப் பள்ளத்துலதான் மொத மொத தண்ணி பூந்துது. கண்ணால பாத்தேன். பூந்த தண்ணி வயல இழுத்துகினு போச்சி. அத்தப் பாத்து எனுக்கு மின்னாடி அழுதவரு இவுரு. கன்னிமாரு மேல சத்தியம்."

வலது உள்ளங்கையை எரிகிற சூடத்தின்மேல் வைத்து அழுத்தினார். எடுத்தபோது கை கறுத்திருந்தது.

பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். என் கல்யாணத்துக்குத்தான் அப்புறம் எங்கள் வீட்டு வாசலில் கால் வைத்தார்.

"சூடம் அணைச்சாச்சி, மாத்திப் பேச முடியாது. கால்ல பங்கு பழையபடியே இருக்கட்டும்," என்றார் நாட்டாமை. அப்புறம் அப்பாவைப் பார்க்காமலே சொன்னார்: "பூச மட்டும் இனிமே நீ பண்ண வேணாம்ப்பா. அங்க தின்ன கை."

அப்பா தட்டில் இருந்த விபூதியையும் மஞ்சளையும் ஒழுங்குபடுத்தி, மிச்ச சூடத்தைத் தாளில் மடித்து வைத்து, தட்டை நாட்டாமையின் கையில் கொடுத்தார். மணலில் உபதேசியார் கை இரண்டையும் சேர்த்து நின்றார். கும்பிட்டாரா, ஜெபம் பண்ணினாரா, எனக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்ததும் அப்பா புது ஆற்றில் இறங்கிக் கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு குந்தினார். தண்ணீர் தெளிந்து ஓடியது. அடியில் எங்கள் வயல் வரப்பு இன்னும் ஒரு கோடாகத் தெரிந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது வேறு.

"பள்ளம் மட்டும் இல்லன்னா ஆறு இங்க வந்திருக்காதாப்பா?"

அப்பா மேலே மலையைப் பார்த்தார், கீழே தண்ணீரைப் பார்த்தார்.

"அது தெரியலம்மா. மரத்த வெட்னது காரணமோ, பள்ளமோ, இல்ல ஆத்துக்கே இங்க வரணும்னு இருந்துச்சோ. யார் கண்டா? உபதேசியாரு காரணம் இல்ல. அது எனுக்குத் தெரியும்." கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். "தெரிஞ்ச வரைக்குந்தான் சூடம் அணைச்சேன்."